மேசை ஒழுங்காக இருந்தால் யாருக்கு நல்லது? உங்கள் ஆபீஸில் பார்த்ததைச் சொல்லுங்கள்

தருமபுரி, அரசு அலுவலகப் பணியாளர் (தொடங்கியவர்)

போன மாதக் கடைசியில் எங்கள் பிரிவிலிருந்து ஒரு அக்கா ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, டிபன் என்று எல்லாம் வழக்கம்போல் நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் "தங்கமான மனுஷி, யாரிடமும் முகம் சுளித்ததில்லை" என்றார்கள். உண்மைதான். ஆனால் அந்த நல்ல மனசு எங்களுக்கும் மனு கொடுக்க வந்தவர்களுக்கும் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், அது அவருடைய தன்பதிவேடு வழியாகத்தான் வந்தது.

அரசு ஆபீஸ் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தபால் வந்ததும் எண் விழுந்து, அந்தந்த சீட்டுக்கு, அதாவது அந்த வேலையைப் பார்க்கும் ஊழியரின் மேசைக்கு, உரிய தன்பதிவேட்டில் ஏறும். என்றைக்கு வந்தது, யாரிடம் அறிக்கை கேட்டோம், பதில் வந்ததா, எப்போது நினைவூட்டு போக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. வேலை முடிந்த கோப்பு எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதற்கும் குறி இருக்கிறது. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு. இதெல்லாம் எல்லா சீட்டிலும் இருப்பதுதான். எழுதுகிறோமா என்பதுதான் கேள்வி.

அக்கா தினமும் எழுதினார். அதற்கு மேலும் ஒன்று செய்தார். பழைய மாதக் காலண்டர் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி வைத்திருப்பார். நிலுவையில் உள்ள ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு துண்டு குத்தியிருக்கும். "அடுத்து: தாலுகா அறிக்கை. கேட்டது 12. வராவிட்டால் 26இல் நினைவூட்டு." அதற்குக் கீழே பென்சிலில் இன்னொரு வரி: "தையில் மகள் கல்யாணம்." அல்லது "பேங்கில் கேட்கிறார்கள்." அல்லது "காது கேட்காது, மருமகள் நம்பருக்குப் போன் செய்யவும்." அந்தப் பென்சில் வரியை எந்தக் கையேடும் எழுதச் சொல்லவில்லை.

அவர் மகளின் பிரசவத்துக்காக லீவில் இருந்தபோது பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர். சீட்டில் ஆள் இல்லை என்றதும் முகம் தொங்கிப் போய்விட்டது. நான் கோப்பை எடுத்தேன். துண்டுச் சீட்டைப் படித்தேன். "ஐயா, சர்வேயர் அறிக்கை வந்துவிட்டது, கண்காணிப்பாளர் மேசையில் இருக்கிறது, நீங்கள் அலைய வேண்டாம், போன் வரும்" என்று சொல்ல முடிந்தது. அந்தப் பக்கத்துச் சீட்டு வேலை எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. அக்காவுக்கு நாங்கள் ஒரு போன்கூடச் செய்யவில்லை. அவர் பேத்தியோடு இருந்தார்.

இன்னொன்றும் உண்டு. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனபோது கோப்புகளைப் பிரித்துக் கட்டி அனுப்பினார்கள். அப்போது பதவியில் ஜூனியராக இருந்த அக்கா, எந்தத் தாலுகாவின் எந்த வருஷத்துக் கட்டு எங்கே போனது என்று ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். இருபது வருஷம் கழித்தும் போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து யாராவது பழைய உத்தரவைத் தேடிக்கொண்டு தருமபுரிக்கு வருவார்கள். அக்கா நோட்டைப் பார்ப்பார். அங்கே இருப்பவருக்குப் போன் போட்டு, கட்டு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் "கிருஷ்ணகிரி போங்க, இந்தப் பிரிவில் இன்னாரைப் பாருங்க" என்பார். சுமார் 45 கிலோமீட்டர்தான். ஆனால் வெறுங்கையோடு திரும்புகிறவருக்கு அது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒழுங்கு என்பது சுபாவம், அன்பு என்பது வேறு சுபாவம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். ஆபீஸில் இரண்டும் ஒன்றுதான் என்பது என் கட்சி. உங்கள் பக்கத்தில் இப்படி யாரையாவது பார்த்திருந்தால் எழுதுங்கள். ஆபீஸ் பெயர், ஆள் பெயர் வேண்டாம்.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் கம்பெனியில் கணக்கு எழுதுபவர்

நல்ல பேச்சு எடுத்தீர்கள். எங்களுக்கு ஆபீஸ் வேலை என்பதே சீசனில்தான். பெங்களூரா ரக மாங்காய் இறங்க ஆரம்பித்துவிட்டால் டிராக்டரும் மினி லாரியும் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கும். ராத்திரி பகல் கிடையாது. எடைமேடையில் வண்டி ஏறும், லோடு எடை, காலி எடை, கழிவு போக நிகரம் என்று சீட்டு கொடுப்போம். அந்தச் சீட்டுதான் விவசாயிக்குப் பணம். அதைச் சட்டைப் பையில் வைப்பார், வேர்வையில் எழுத்து அழிந்துவிடும். மழையில் நனையும். பட்டுவாடா அன்றைக்குச் சீட்டு இல்லை என்றால் பழைய காலத்தில் சண்டைதான்.

எங்கள் எடைமேடைத் தம்பி ஒருவன் இருந்தான். படிப்பு பத்தாவதுதான். சீட்டு கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுப்பான். தேதிவாரியாகத் தனித்தனி ஃபோல்டர். அதற்குள் ஊர்வாரியாக. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேப்பனப்பள்ளிப் பக்கத்து அம்மா ஒருவர் சீட்டைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தார். கணவர் இல்லாதவர், தோப்புக் குத்தகைக்குக் கடன் வாங்கியிருந்தார். அவன் "அழாதீங்கம்மா, எந்தத் தேதி, டிராக்டரா லாரியா?" என்று மட்டும் கேட்டான். டீ வருவதற்குள் படத்தை எடுத்துக் காட்டிவிட்டான்.

அப்புறம் கம்பெனியே அதை வழக்கமாக்கிக்கொண்டது. இப்போது அவன் எங்களிடம் இல்லை, பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். பழக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அரூர், பள்ளி அலுவலகம்

சின்ன விஷயம்தான். ஜூன் மாதம் எங்கள் ஜன்னல் முன்னால் கூட்டம் நெரியும். டி.சி., வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒவ்வொரு பெற்றோரும் ஒரு பேப்பர் குறைவாகத்தான் வருவார்கள். எங்கள் எழுத்தர் அண்ணன் மே மாதமே ஒரு சார்ட் பேப்பரில், எதற்கு எதெல்லாம் வேண்டும், எது ஒரிஜினல், எது ஜெராக்ஸ் என்று பெரிய எழுத்தில் எழுதி ஜன்னலுக்கு வெளியே ஒட்டிவிடுவார். படிக்கத் தெரியாதவர் வந்தால் எழுந்து வெளியே வந்து விரல் வைத்துக் காட்டுவார். உள்ளே உட்கார்ந்தபடி சொல்ல மாட்டார். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகளின் அப்பாக்களுக்கு அன்றைய கூலி போய்விடும், இன்னொரு நாள் வரச் சொல்வது பாவம் என்பார்.

ஓசூர் சிப்காட், ஹெச்.ஆர்.

எங்கள் சீனியர் ஒருவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

புது ஆள் சேரும் நாளில் அவர் மூன்று தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக். பெயர், இனிஷியல், பிறந்த தேதி. ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். நம் பக்கத்தில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. ஒன்றில் "எம்." என்று இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மூன்றாவதில் அது பெயருக்குப் பின்னால் போயிருக்கும். அப்படியே பி.எஃப். கணக்கில் ஏற்றிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வேலையை விட்டுப் போன பின் பணம் எடுக்கும்போதுதான் விண்ணப்பம் திரும்பி வரும். அப்போது அந்த ஆள் எங்கேயோ இருப்பார். சில சமயம் ஆளே இருக்க மாட்டார், அவர் மனைவி வந்து நிற்பார்.

ஆகவே சேரும் அன்றைக்கே வித்தியாசத்தைக் குறித்து, எங்கே போய் எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். திருத்திக்கொண்டு வருகிறார்களா என்று இரண்டு வாரம் கழித்து லைனுக்கே போய்க் கேட்பார். ஒரு நிமிஷ வேலை என்று நினைக்காதீர்கள். நூறு பேர் காண்டிராக்டில் சேரும் மாதத்தில் இதைச் செய்வதற்குப் பொறுமை வேண்டும். நாமினி பெயர் எழுதும் கட்டத்தையும் காலியாக விட மாட்டார். கல்யாணம் ஆனவர்களிடம் "வீட்டுக்காரம்மா பேர் மாத்திட்டீங்களா?" என்று விடாமல் கேட்பார். பலருக்கு அது நச்சரிப்பாகப் பட்டது. எனக்கும் அதன் அருமை புரிய நாளானது.

இந்தப் பக்கத்துப் பேச்சு எல்லோருக்கும் தெரியும்: தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள் சிலருக்கு வீட்டில் கன்னடம். ஆபீஸுக்குள் வந்ததும் வாயடைத்து நிற்பார்கள். சீனியர் முதலில் கன்னடத்தில் "ஊட்ட ஆயித்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்று கேட்பார். பையன் முகம் அப்போதே இளகிவிடும். அதற்குப் பிறகுதான் ஃபாரத்தை எடுப்பார்.

கிருஷ்ணகிரி, வங்கி ஊழியர்

எல்லாம் படித்தேன், சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒழுங்கு மட்டும் இருந்து ஈரம் இல்லாத மேசைகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஆபீஸில் எல்லாக் கோப்பும் வரிசையாக இருக்கும், மேசையில் தூசு இருக்காது. வருகிறவரிடம் "இது குறைகிறது" என்று தாளைத் திருப்பித் தள்ளுவார்கள். மறுநாள் அதைக் கொண்டு வந்தால் "இதுவும் குறைகிறது" என்பார்கள். முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்த ஒழுங்கு அவர்களைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும்தான். தொடங்கியவர் இரண்டும் ஒன்று என்கிறார். என்னால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தருமபுரி (தொடங்கியவர்)

சார், நீங்கள் சொல்வது நியாயம். திருத்திக்கொள்கிறேன். கோப்பு யாருக்காக அடுக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அக்காவின் பென்சில் வரி மனுதாரரைப் பற்றியது. நீங்கள் சொன்ன மேசையில் அந்த வரி இருக்காது. குறைகளை எல்லாம் ஒரே தடவையில் எழுதிக் கொடுப்பது என்ற உங்கள் யோசனையை நாளை முதல் எங்கள் பிரிவில் சொல்லிப் பார்க்கிறேன். அச்சடித்த சின்ன சீட்டு ஒன்று போதும், டிக் அடித்துக் கையில் கொடுத்துவிடலாம்.

காரிமங்கலம், பெயர் வேண்டாம்

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறவள் நான், ஆபீஸ் ஆள் இல்லை. எங்கள் நிலத்தில் யு.டி.ஆர். பிழை, அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது நேர்ந்த பிழை. மாமனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறிவிட்டது. மஞ்சப்பை நிறையக் காகிதம் வைத்திருந்தேன். எது எது என்று எனக்கே தெரியாது. வராந்தாவில் ஒரு ஆபீஸ் உதவியாளர் அண்ணன் பெஞ்சில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, கிரயப் பத்திரம், பழைய சிட்டா, கிஸ்தி ரசீது, மனு நகல் என்று நாலாகப் பிரித்து டேக் கட்டிக் கொடுத்தார். "இனி எங்கே போனாலும் இந்த வரிசையிலேயே காட்டும்மா" என்றார். பிழை இன்னும் சரியாகவில்லை, விசாரணையில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எந்த மேசைக்குப் போனாலும் என்னைப் பேச விடுகிறார்கள்.

பாலக்கோடு, அரசுப் பணியாளர்

எங்கள் ஆபீஸில் ஒரு உதவியாளர் திடீரென்று மாரடைப்பில் இறந்தார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்தவர், அதனால் பழைய ஓய்வூதியத் திட்டம். வீட்டில் மனைவி, கல்லூரி முடித்த ஒரு மகள். அந்த அம்மாவுக்கு வங்கிக்குத் தனியாகப் போய்ப் பழக்கமில்லை.

காரியம் முடிந்த பிறகு எங்கள் கண்காணிப்பாளர் மேடம் அவர்கள் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு ஃபைல். அதில் குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, சேமநல நிதி, குடும்பப் பாதுகாப்பு நிதி என்று ஒவ்வொன்றுக்கும் தனி உறை. ஆபீஸில் நிரப்ப வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே நிரப்பியிருந்தார். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. ஒவ்வொரு உறையின் மேலும் இன்னும் என்ன சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும், அதனால் அந்த இரண்டு விண்ணப்பங்களும் மேலே.

இதெல்லாம் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம் இறந்தவருடைய பணிப்பதிவேடு. மேடம் வருஷா வருஷம் எல்லோரையும் கூப்பிட்டு அவரவர் பணிப்பதிவேட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். இன்கிரிமென்ட், லீவுக் கணக்கு, பணிச் சரிபார்ப்பு, நியமனதாரர் எல்லாம் அந்தந்த வருஷமே பதிவாகிவிடும். நாங்கள் அப்போது "இப்ப என்ன அவசரம் மேடம்" என்று சலித்துக்கொள்வோம். பல இடங்களில் ஆள் இறந்த பிறகுதான் விட்டுப்போன வருஷங்களைத் தேடி, அவர் முன்பு வேலை பார்த்த ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுவார்கள். குடும்பம் அதுவரை காத்துக் கிடக்கும். இங்கே ஒரு பக்கம்கூட விட்டுப்போகவில்லை.

அந்த அம்மா ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் கையெழுத்து போட்டார். மேடம் அவசரப்படுத்தவில்லை. நடுவில் அவர் அழுதபோது ஃபைலை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாவே "மீதியையும் கொடுங்கம்மா" என்றார்.

கிளம்பும்போது மேடம் மகளைக் கூப்பிட்டார். கருணை அடிப்படையில் வேலைக்கு மூன்று வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விளக்கினார். துக்கத்தில் பல குடும்பங்கள் அந்தக் காலக்கெடுவைத் தவற விட்டுவிடுகின்றன. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, "மூணு வருஷம் வரைக்கும் விட வேண்டாம்மா, தீபாவளிக்குள்ள எல்லாச் சர்டிபிகேட்டையும் எடுத்துட்டு என்கிட்ட வா, நானே பார்த்துத் தர்றேன்" என்றார். அந்தப் பெண் ஆயுதபூஜைக்கு முந்தின வாரமே வந்துவிட்டாள். மேடம் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தார், சாயந்திரம் அஞ்சரைக்கு விண்ணப்பம் தபாலில் ஏறிவிட்டது.