முத்துப்பேட்டைத் தண்ணீர் கரியமில வாயுவை வாங்குகிறதா, விடுகிறதா?

கோரையாறு: "முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு லகூன் (கடலோரக் காயல்) கரியமில வாயுவை உறிஞ்சுகிறது, காலை 11 மணிக்கு எடுத்த தண்ணீரே சாட்சி" என்று நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததிலிருந்து ஆறவில்லை. இரவில் அளந்தீர்களா ஐயா? வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்வதால் நீரில் வாயுவின் அழுத்தம் இறங்கும். இருட்டிவிட்டால் சுவாசம் மட்டும்தான்; விடிவதற்குள் அழுத்தம் ஏறிவிடும். அது காற்றில் இருப்பதைத் தாண்டினால் தண்ணீர் வாயுவை விடும், குறைந்தால்தான் வாங்கும்.

அலையாத்தி: எழுதியவன் நான்தான். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல்கள் வாங்கிக்கொள்கின்றன. லகூனும் கடல்தானே?

கோரையாறு: ஆழ்கடலும் ஆற்றுக்கழியும் ஒன்றா? முகத்துவாரங்கள் பெரும்பாலும் வாயுவை வெளியே விடுபவை. ஆறு கொண்டுவந்து சேர்க்கும் இலைதழை அங்கேதான் மக்குகிறது. வற்றத்தில் நண்டு வளைகளிலிருந்து கறுத்த சேற்றுநீர் கசிந்து வாய்க்காலில் இறங்குமே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? கரைந்த வாயு மண்டிய நீர் அது. மறுபடியும் கேட்கிறேன்: இரவில் அளந்தீர்களா?

கொள்ளிடக்கரை: பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் மூச்சுவேர்கள் வழியே மீத்தேன் வெளியேறுவதையே ஆய்வாளர்கள் அளந்து எழுதியாயிற்று. முத்துப்பேட்டைக்காரர்கள் இன்னும் பகலா இரவா என்று மல்லுக்கட்டுகிறீர்கள்.

அலையாத்தி: எதற்கெடுத்தாலும் பிச்சாவரம்தானா? கடல்நீரில் சல்பேட் என்ற உப்பு இருப்பதால், அதைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் மீத்தேன் நுண்ணுயிர்களை முந்திக்கொள்ளும்; அங்கே மீத்தேன் குறைவாகத்தான் உண்டாகும். மீத்தேன் வேண்டுமென்றால் தண்ணீர் கட்டிய சம்பா வயலுக்குப் போங்கள்.

தாளடி: வயலை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்? இறால் பண்ணைக் கழிவைப் பற்றிக் கேட்க வாய் வராது, உழுகிறவன் மட்டும் குற்றவாளி. மேட்டூர் தண்ணீர் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

கொள்ளிடக்கரை: ஐப்பசி வெள்ளம் இறங்கி உப்பு குறைந்தால் உங்கள் சல்பேட் எங்கே போகும்?

அலையாத்தி: 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட காடு இது. இதன் சேற்றில் காலங்காலமாகக் கரி புதைந்து கிடக்கிறது. அதைக் குறைத்துப் பேச யாரையும் விடமாட்டேன்.

கோரையாறு: சேற்றில் புதைந்தது வேறு, நீர்ப்பரப்பில் காற்றோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் வேறு. காற்றின் வேகத்தையாவது குறித்தீர்களா? வேகம் இரண்டு மடங்கானால் வாயு கைமாறும் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒரே ஒரு பகல் போத்தலை வைத்துக்கொண்டு ஒரு லகூனுக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். இரவில் அளந்தீர்களா, இல்லையா?

அலையாத்தி: இரவில் காட்டுக்குள் படகு விட அனுமதி வாங்கித் தாருங்கள், அளக்கிறேன். அதுவரை 11 மணி அளவுதான் அளவு.

கோரையாறு: ஆக, அளக்கவில்லை.

தாளடி: இறால் பண்ணைக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.