துபாயில் மனை வாங்கப் போனவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குசைஸ்வாசி

ஃபிளாட் வாங்கிய கதைகள் நிறைய வந்துவிட்டன. காலி மனை பற்றி யாரும் எழுதக் காணோம். அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

நானும் அலுவலக நண்பர்களும் பணம் போட்டு ஜுமேரா வில்லேஜ் சர்க்கிளில் ஒரு மனை வாங்கி, சின்னதாக ஒரு கட்டடம் எழுப்பி வாடகைக்கு விடலாம் என்று இறங்கினோம். மனை 10,000 சதுர அடி. ஊர்க் கணக்கில் நாலு கிரவுண்டுக்கு மேல். புரோக்கர் வாட்ஸப்பில் அனுப்பியது இவ்வளவுதான்: மனையின் அளவு, அதற்குக் கீழே 'அடிக்கு 160'. பெருக்கினால் 16 லட்சம் திர்ஹம். அதை வைத்துத்தான் யார் யார் எவ்வளவு போடுவது என்று பேசினோம். கும்பகோணத்து நண்பர் ஒருவர் ஊரில் அப்பா வழி நஞ்சையை விற்கப் பேசி முன்பணமும் வாங்கிவிட்டார்.

ஃபார்ம் எஃப், அதாவது வாங்குபவரும் விற்பவரும் போடும் ஒப்பந்தம், போட உட்கார்ந்தோம். மொத்தத் தொகைக்கான கட்டத்தில் புரோக்கர் 48 லட்சம் என்று அடித்தார். தப்பாக அடித்துவிட்டார் என்று நினைத்து நான் கை நீட்டித் திரையைக் காட்டினேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இது ஜி.எஃப்.ஏ. ரேட் சார். இந்த மனையில் 30,000 அடி கட்டலாம். அந்த 30,000-க்குத்தான் 160" என்றார்.

கும்பகோணத்துக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் அந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் எனக்கு உறுத்துவது அந்த வாட்ஸப் செய்திதான். மனை அளவுக்கு நேர் கீழே 160 என்று போட்டால் யாராக இருந்தாலும் எதோடு எதைப் பெருக்குவார்கள்?

தேரிக்காட்டான்

நான் 2008 ஆள். அந்த வருடம் இங்கே இருந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

துபாய்லேண்ட் பக்கம் வில்லா மனை. விற்பனை அலுவலகத்தில் கண்ணாடி மேஜை மேல் ஊர் முழுவதையும் பொம்மையாகச் செய்து வைத்திருந்தார்கள். ஏரி, பாலம், வீட்டுக்கு வீடு விளக்கு. நம் மனை எண்ணைச் சொன்னால் அந்த இடத்தில் மட்டும் விளக்கு எரியும். தவணைக்கெல்லாம் முன்தேதியிட்ட செக் கொடுத்தேன். 2009 ஆரம்பத்தில் வேலை போயிற்று. அப்போதெல்லாம் செக் திரும்பினால் போலீஸ் கேஸ், ஜெயில் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த விதியைத் தளர்த்தியது 2022 ஜனவரியில்தான். செக் தேதி நெருங்கினாலே எனக்குத் தூக்கம் வராது.

ஒரு நாள் மனையைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று டாக்ஸி பிடித்துப் போனேன். கம்பெனிக் கொடிகள் கிழிந்து தொங்கின. சாலை கிடையாது, அளவுக்கல் கிடையாது. தகரக் கொட்டகையில் ஒரு காவலாளி, நேபாளத்துக்காரர். "எந்த நம்பர் சார்?" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். "எல்லா நம்பரும் அங்கேதான்" என்று மணல்வெளியைப் பார்த்து ஒரு முறை கையை வீசினார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

வாங்குபவர் பணம் தனி எஸ்க்ரோ கணக்கில்தான், கம்பெனி இஷ்டத்துக்கு எடுக்க முடியாதபடி, இருக்க வேண்டும் என்று 2007-லேயே எட்டாம் எண் சட்டம் வந்துவிட்டது. என் பணம் அந்தக் கணக்குக்குப் போனதா என்று கேட்டேன். எழுத்தில் பதில் வரவில்லை. 2009 நவம்பரில் அரசுக் கம்பெனியான துபாய் வேர்ல்டு கடனைக் கட்ட அவகாசம் கேட்ட பிறகு, யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரி கையை விரித்தார்கள். கடைசியில் கட்டிய பணத்தை அதே கம்பெனியின் வேறொரு இடத்தில் ஒரு ஸ்டுடியோ ஃபிளாட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மனை எனக்குக் கிடைக்கவே இல்லை.

தளம்போடுபவன்

குசைஸ்வாசி, புரோக்கர் ஏமாற்றினார் என்பதை நான் ஏற்க மாட்டேன். கட்டட மனை என்றால் இந்த ஊரில் ஜி.எஃப்.ஏ. கணக்கில்தான் விலை சொல்வார்கள். வில்லா மனைக்குத்தான் மண்ணின் அளவு. நம் ஊரில் மண்ணுக்கு விலை, எஃப்.எஸ்.ஐ. (மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்பது) அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இங்கே எவ்வளவு கட்டலாம் என்பதற்குத்தான் விலையே. அஃபெக்‌ஷன் பிளானைக் கேட்டு வாங்கியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மனை எல்லை, எத்தனை மாடி, எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், வீடா கடையா, மொத்தம் எத்தனை அடி கட்டலாம், எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும்.

சரி, என் அனுபவம். 2024 ஏப்ரல் 16 மழை. 1949-இலிருந்து மழையைப் பதிவு செய்கிறார்கள், அத்தனை வருடத்தில் இந்த நாடு அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. அதற்குச் சில நாள் கழித்து என் மச்சானுக்காக ஒரு வில்லா மனை பார்க்கப் போனேன். தேதி முன்பே பேசி வைத்தது. விற்பவர் வேண்டாம், அடுத்த மாதம் வாருங்கள் என்று தட்டிக்கழித்தார். நான் சொல்லாமலே போய்விட்டேன். மனையில் முழங்கால் தண்ணீர். பக்கத்து வில்லாக்காரர் டேங்கர் லாரியை வரவழைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார், அந்தக் குழாய் வழியும் தண்ணீரும் இந்த மனைக்கே திரும்பி வந்தது. சாலையைவிட மனை தாழ்ந்திருப்பது வெயில் நாளில் கண்ணுக்கே தெரியாது.

கட்டடத் தொழிலில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கடல் பக்கம் போகப் போக கொஞ்சம் தோண்டினாலே உப்புத் தண்ணீர் வந்துவிடும். அஸ்திவாரம் முடியும்வரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் செலவை மனை விலையில் யாரும் சொல்வதில்லை. மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

குசைஸ்வாசி

தளம்போடுபவன், ஊர் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும், புரோக்கருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். நாங்கள் 16 லட்சத்தை எப்படிப் பங்கு பிரிப்பது என்று அவர் எதிரிலேயே உட்கார்ந்து பேசினோம். தேநீர் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்குப் பெயர் வழக்கமா?

கணக்குப்பிள்ளை

என் கதை சின்னது. இன்டர்நேஷனல் சிட்டி பக்கம் ஒரு மனை, விலை படிந்தது, 4 சதவீதப் பதிவுக் கட்டணம் யார் கட்டுவது என்பதில் முறிந்தது. இரண்டு தரப்பும் பாதிப் பாதி என்பதுதான் விதி, நடைமுறையில் முழுவதையும் வாங்குபவர் தலையில் கட்டுவார்கள். 2013-க்கு முன் இது 2 சதவீதம்தான். விற்பவர் என் முகத்துக்கு நேராக, "4 சதவீதம் இல்லாதவர் ஏன் மனை பார்க்க வருகிறார்?" என்றார். அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் குசைஸ்வாசியின் கும்பகோணத்து நண்பரைப் பற்றிப் படித்ததும் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஊர் நிலத்தை விற்று இங்கே கொண்டுவரலாம், தடையில்லை. வெளிநாட்டில் வசிப்பவர் தன் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (இந்திய வருமானம் போடும் வங்கிக் கணக்கு) ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை எடுத்துவர முடியும். வரி கட்டி ஆடிட்டர் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். இந்தப் பக்கம் ஃபார்ம் எஃப் தேதி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பணம் இங்கே வந்து சேர்ந்த பிறகு மனை தேடுங்கள்.

ஊரில் இருக்கும் தம்பி, மாமனார் பணம் போடுகிறார்கள் என்றால் கணக்கு வேறு. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் வரம்பு ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். அதுவும் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகையில் வங்கி 20 சதவீதத்தை முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. உண்டியலில் (ஹவாலாவில்) அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளைக் கூட்டுச் சேர்க்காதீர்கள். மனை உங்கள் பெயரில் இருக்கும், நோட்டீஸ் ஊரில் அவருக்கு வரும், இரண்டு வீடும் நிம்மதி இழக்கும்.

இன்னொன்று. இங்கே சம்பாதித்து வாங்கிய மனையை ஊருக்குத் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ளலாம், இந்திய அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா அனுமதிக்கிறது. ஆனால் அங்கே முழு வசிப்பவராக ஆனதும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்டியே ஆக வேண்டும். வாடகை வராத வெறும் மணலாக இருந்தாலும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. திரும்பிப் போனவர்களில் எத்தனையோ பேர் இதைக் கேள்விப்படாமலே இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கடைசியாக உயில். எழுதிப் பதிவு செய்யுங்கள். அதை எழுதிவிட்டால் வாரிசுகளுக்கு ஒரு தொந்தரவும் வராது.

கீழக்கரைப் பிள்ளை

அஸ்ஸலாமு அலைக்கும். கணக்குப்பிள்ளை, எல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் அப்படியே விட முடியாது. நீங்கள் சொல்வது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. துபாய் நிதி மையமான டி.ஐ.எஃப்.சி.யில் 2015-இலிருந்து அவர்கள் உயில் பதியலாம். உயில் இல்லாவிட்டாலும் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பாதி துணைவருக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. எங்களுக்கு ஷரீஅத் பங்குதான். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அல்லாஹ் வகுத்த பங்கு. நான் சொல்ல வந்தது வேறு.

வாப்பா தேராவில் கடை வைத்திருந்தார். ஃப்ரீஹோல்டு, அதாவது வெளிநாட்டவரும் முழு உரிமையோடு வாங்கலாம் என்று திறந்துவிட்ட பிறகு ஆசைப்பட்டு ஒரு மனை வாங்கினார். கட்டாமலே மவுத்தாகிவிட்டார். ஊரில் வாங்கிய வாரிசுச் சான்றிதழை டெல்லியில் முத்திரை, இங்கே முத்திரை, அரபியில் மொழிபெயர்ப்பு என்று கொண்டுபோய் நீதிமன்றத்தில் பங்கும் பிரித்தாயிற்று. உம்மா, நான், லாத்தா (அக்கா), தம்பி எல்லோர் பெயரும் ஏறியது. நல்ல விலைக்கு ஆள் வந்தார். உம்மா மருத்துவத்துக்குப் பணம் தேவைப்பட்ட நேரம்.

ஸ்பீக்கரில் போட்டு லாத்தாவிடம் பேசினேன். "வித்துறாதே தம்பி, அது வாப்பா வாங்குன மண்ணு" என்றார். பக்கத்தில் உம்மா கட்டிலில் படுத்திருக்கிறார். லாத்தா ஒரு நாளும் அந்த மனையைப் பார்த்ததில்லை, துபாய்க்கே வந்ததில்லை. நான் ஒன்றும் பேச முடியாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உம்மாதான் "அவ சொல்றதும் சரிதானே" என்றார்.

ஒருவர் கையெழுத்து இல்லாமல் முழு மனையை விற்க முடியாது. ஆள் போய்விட்டார். மருத்துவச் செலவுக்குத் தம்பி கடன் வாங்கினான். லாத்தாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காகிதம் சரியாக இருந்தால் தொந்தரவே இல்லை என்று எழுதாதீர்கள். எங்களிடம் எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது.

மீனாபஜார் அக்கா

கீழக்கரைத் தம்பி, உம்மா நலம் பெற வேண்டிக்கொள்கிறேன்.

நாங்கள் அல் ஃபுர்ஜானில் வில்லா மனை வாங்க இருந்தோம். விற்பவரும் தமிழர்தான். என்ஓசி (விற்கத் தடையில்லை என்ற டெவலப்பர் கடிதம்) வந்துவிட்டது, பதிவு நடக்கும் ட்ரஸ்டி ஆபீஸில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தாயிற்று. நம் ஊர் ரெஜிஸ்டர் ஆபீஸ் மாதிரி நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டாம், எல்லாம் சரியாக இருந்தால் காப்பி ஆறுவதற்குள் புது டைட்டில் டீட் (உரிமைப் பத்திரம்) கையில் வந்துவிடும் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கவுண்டரில் இருந்த பெண், நாங்கள் வங்கியில் எடுத்து வந்த மேனேஜர் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புரோக்கர் அனுப்பியபடி விற்பவர் பெயரை இனிஷியலோடு போட்டிருந்தோம். டைட்டில் டீடிலும் பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. "இவர் வேறு, அவர் வேறு" என்று சொல்லிவிட்டார். தமிழ்ப் பெயர் இப்படித்தான் என்று நாங்கள் இரண்டு பேரும் விளக்குகிறோம். அவருக்குப் புரிந்தது, ஆனால் ஏற்க முடியாது என்றார். அவர் செய்தது நியாயம்தான்.

நான் திரும்பி விற்பவரைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கி மூடும் நேரம். ஃபார்ம் எஃப் அன்றோடு முடிகிறது. "என் பெயர்தான், நானே சொல்கிறேன்" என்று அவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது பாருங்கள், அதை நான் மறக்க மாட்டேன். திங்கட்கிழமை போன் செய்தால், இப்போது விலை ஏறிவிட்டது, இன்னும் 2 லட்சம் திர்ஹம் வேண்டும் என்றார். 10 சதவீத டெபாசிட் செக்கை வாங்கிக்கொண்டு விலகிவிட்டோம்.

தளம்போடுபவன்

அக்கா, ஃபார்ம் எஃப் தேதியை நீட்டிக்க இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் போதும். அன்றே கேட்டிருக்கலாமே?

மீனாபஜார் அக்கா

கேட்டோம் தம்பி. அங்கேயே, அந்தக் கவுண்டர் முன்னாலேயே என் கணவர் கேட்டார். பேனா கொண்டுவரவில்லை என்றார் அவர். கவுண்டரில் அவருக்கு முன்னால் பேனா கட்டித் தொங்கியது.

குசைஸ்வாசி

அக்கா, படித்ததும் கோபம் வந்தது.

தளம்போடுபவன், உங்களிடம் ஒரு உதவி. அல் ஜதாஃபில் ஒரு மனை வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் ஷேக் சாயத் சாலை, அல் ஜதாஃப் மனைகளை உரிமையாளர் விரும்பினால் ஃப்ரீஹோல்டாக மாற்றலாம் என்று அறிவித்தார்களே, அந்த வகை. மாற்றுவதற்கான கட்டணமும் ஜி.எஃப்.ஏ. மதிப்பில் 30 சதவீதமாம். விற்பவர் சொல்லும் விலையில் அது சேர்த்தியா இல்லையா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். அஃபெக்‌ஷன் பிளானையும் முதலிலேயே வாங்கிவிட்டேன். சனிக்கிழமை உங்களுக்கு நேரம் இருந்தால் இடத்தை ஒரு முறை வந்து பாருங்கள். க்ரீக் பக்கம், தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் வரும் என்று நீங்கள் சொன்னால்தான் கும்பகோணத்துக்காரர் இந்த முறை பேச்சுக்கே வருவேன் என்கிறார்.