புதுப்பிப்பு: டிஷ்வாஷர் வெள்ளைப் படலத்துக்குக் காரணம் கிடைத்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: கண்ணாடி டம்ளர்களில் வெள்ளைப் படலம், மேல்தட்டுக் கிண்ணங்களில் ஒட்டிய பருப்பு. வினிகர் தடவிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு மிக்க நன்றி. தடவியதும் படலம் போய்விட்டது. அப்படியென்றால் கண்ணாடி அரிக்கவில்லை, தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு உப்புகளின் படிவுதான்.

எங்களுக்கு போர்வெல் தண்ணீர். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க மெஷினுக்குத் தேவையான டிஷ்வாஷர் உப்பைத் தவறாமல் போட்டேன். ஆனால் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று மெஷினுக்குச் சொல்லும் செட்டிங்கை மாற்றவே இல்லை. தண்ணீரைச் சோதித்து, கையேட்டில் சொன்னபடி உயர்த்தினேன்.

அப்புறம் தண்ணீர் பீய்ச்சும் மேல் கையைக் கழற்றினால், துளைகள் முழுக்கக் கடுகும் சுண்ணாம்பும்! பல்குச்சியால் குத்தியெடுத்து, சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரில் ஊறவைத்தேன். அடியிலுள்ள ஃபில்டரையும் கழுவினேன்.

நான்கு நாளாக டம்ளர்கள் பளிச்சென்று இருக்கின்றன. காய்ந்துபோன பருப்பு மட்டும் இன்னும் ஒட்டுகிறது; அதை வழித்துவிட்டுத்தான் அடுக்குகிறேன்.