பவுலின் பாலும் பேதுருவின் பாலும் ஒன்றுதானா?

கேள்வி:
கொரிந்து சபையாரிடம், "பாலைக் குடிக்கக்கொடுத்தேன்" என்று பவுல் எழுதுவது (1 கொரிந்தியர் 3:2), அவர்கள் இன்னும் குழந்தைகளாகவே இருப்பதைக் கடிந்துகொள்வதாக ஒலிக்கிறது. எபிரெயர் நிருபமும் பாலுண்கிறவனைப் பழக்கமில்லாதவன் என்கிறது. பேதுருவோ தம் முதல் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், களங்கமில்லாத ஞானப்பாலின்மேல் வாஞ்சையாயிருக்கச் சொல்கிறார். இவை ஒன்றுக்கொன்று முரணல்லவா?

மறுமொழி 1:
பால் ஒன்றுதான், அதற்கு எதிரே எதை வைக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பவுலும் எபிரெயர் நிருபமும் பாலைப் பலமான ஆகாரத்தோடு ஒப்பிடுவதால், அங்கே பால் கடந்துபோகவேண்டிய ஒரு படியாகிறது. பேதுருவிடம் பலமான ஆகாரம் என்ற பேச்சே இல்லை. அவர் முதலில் கபடத்தை ஒழித்துவிடச் சொல்லி, உடனே பாலைக் குறிப்பிடுகிறார். கிரேக்கத்தில் கபடத்துக்குரிய சொல் 'தொலோஸ்', பாலுக்குத் தரும் அடைமொழி 'அதொலோஸ்', அதாவது கபடமற்றது. கபடத்தை விட்டவர்கள் கபடமற்ற பாலைத் தேடவேண்டும் என்ற அந்தச் சொல்லிணைப்பு, 'களங்கமில்லாத' என்ற நம் மொழிபெயர்ப்பில் மறைந்துபோயிற்று. 'ஞானப்பால்' என்ற சொல்லைக் கேட்டதும் சீர்காழியும் சம்பந்தரும் தமிழ்க் காதுக்கு நினைவு வருவது இயல்பே. ஆனால் கிரேக்க மூலத்தில் இருப்பது 'லோகிகோஸ்' என்னும் சொல். அது 'வசனம்' என்று பொருள்படும் 'லோகோஸ்' என்பதோடு உறவுடையது என்பதால்தான் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் ஞானப்பாலுக்கு முன் 'திருவசனமாகிய' என்றும் சேர்த்திருக்கிறார்கள் என்று கருதுகிறேன்.

மறுமொழி 2:
எபிரெய வேதாகமத்தையும் பாருங்கள், ஐயா. அங்கே பால் முதலில் மந்தையின் செழிப்பு. பாலும் தேனும் ஓடுகிற தேசம் என்ற வாக்குறுதி யாத்திராகமம் 3:8இல் வருகிறது. எண்ணாகமம் 16:13இலோ மோசேயை எதிர்த்து எழும்பிய தாத்தானும் அபிராமும் அதே சொற்களை எகிப்துக்குச் சூட்டி மோசேயைக் குத்திக்காட்டுகிறார்கள். யூத வேத அறிஞர்களான ரபிகளின் போதனைத் தொகுப்பாகிய தல்மூதில் ஒரு ரபி பெனே பெராக் ஊரில், அத்திமரங்களின் கீழ் மேயும் ஆடுகளின் பாலும் பழங்களிலிருந்து வடியும் தேனும் ஒன்றாய்க் கலப்பதைக் கண்டு, அந்த வாக்கியத்தின் பொருள் இதுவே என்கிறார். பிற்பாடு உன்னதப்பாட்டின் "உன் நாவின்கீழ் தேனும் பாலும் இருக்கிறது" என்ற வரியை, மோசேயின் நியாயப்பிரமாணமாகிய தோராவுக்கு உரியதாக ரபிகள் வாசித்தார்கள். தோரா அருளப்பட்டதை நினைவுகூரும் ஷாவுவோத் பண்டிகையில் பால் பண்டங்கள் உண்ணும் வழக்கத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. வசனமே பால் என்னும் எண்ணம் பேதுருவோடு நின்றுவிடவில்லை.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் குழந்தையின் பாலும் தேசத்தின் பாலும் எங்காவது ஒன்றாகச் சேர்கின்றனவா?

மறுமொழி 1:
ஞானஸ்நானத்தில் சேர்ந்தன. ஏறத்தாழ கி.பி. 200ஐ ஒட்டிக் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் எழுதிய ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், நீரிலிருந்து ஏறியவர்கள் பாலும் தேனும் கலந்ததைச் சுவைத்தார்கள் என்கிறார். வளர்ந்த ஆட்களுக்குப் புதிதாய்ப் பிறந்த குழந்தையின் உணவைக் கொடுத்தார்கள். அதுவே யோர்தானைக் கடந்து தேசத்துக்குள் வந்தவர்களின் உணவும் ஆயிற்று.