பழைய பல்லாங்குழிப் பலகை, புளியங்கொட்டை, ஒடியா தெரிந்த ஒருவர் தேவை

வணக்கம் நண்பர்களே. ஊத்துக்கோட்டை பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளியில் மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்காருகிறோம். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள்.

தொடக்கப்பள்ளிகளுக்காக 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பாட்டு, ஆட்டம் எல்லாம் இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் இவர்களுக்குத் தமிழே புதுசு. பல்லாங்குழிக்கு அந்தச் சிக்கல் இல்லை. 14 குழி, குழிக்கு 5 முத்து, மொத்தம் 70. அள்ளிய முத்து எந்தக் குழியில் தீரும் என்று ஒரு பெண் போடுவதற்கு முன்பே கண்ணால் எண்ணிவிடுகிறாள். தப்பாகப் போட்டால் எதிரில் இருப்பவன் ஒடியாவில் கத்துகிறான், இவள் தெலுங்கில் திருப்பிக் கொடுக்கிறாள். கணக்கு மட்டும் சரியாக நடக்கிறது!

இருப்பது ஒரே பலகை. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் கொடுங்கள், கீல் உடைந்திருந்தாலும் சரி. சோழி, புளியங்கொட்டையும் வேண்டும். குன்றிமணி மட்டும் வேண்டாம். விஷம், சின்னதுகள் வாயில் போட்டுக்கொள்ளும். பணமும் வேண்டாம், ஆங்கில எழுத்து சார்ட்டும் வேண்டாம் (அது ஒரு அலமாரி நிறைய இருக்கிறது).

அப்புறம், ஒடியா தெரிந்தவர் யாராவது ஒன்று முதல் இருபது வரை எண்களையும், ‘உன் முறை’, ‘திரும்ப எண்ணு’ போன்ற பேச்சையும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பெரிய உதவி. திருவள்ளூர், பெரியபாளையம் பக்கம் என்றால் பலகையை நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம். உள்பெட்டியில் சொல்லுங்கள்.