பால் வராத கள்ளி: தூண்கள்ளி வளர்த்தவர்களின் அனுபவங்கள்

பாலக்கோட்டிலிருந்து:

எங்கள் வீட்டுக் கிணற்றோரம் பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு தூண்கள்ளி நிற்கிறது. அது வந்த கதையையும் சாகப் பார்த்துப் பிழைத்த கதையையும் சொல்கிறேன். நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள். பூத்தும் காய்க்காத செடி வைத்திருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள், எனக்கு அதில்தான் கேள்வி.

2012-ல் தருமபுரியில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்ற கள்ளியை வெட்டித் தெருவில் போட்டிருந்தார்கள். முழங்கை நீளத் துண்டு ஒன்றைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆயா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "கள்ளிய ஊட்டுக்குள்ள கொண்டாராத கண்ணு."

அபசகுனம் என்று அவர் சொல்லவில்லை. கள்ளிப்பால் என்றால் எங்கள் மாவட்டத்தில் என்ன நினைவு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு இங்கேயும் வந்தது சும்மா இல்லை. ஆயாவின் தங்கை ஒருத்தி பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டாள் என்று அம்மா பின்னால் ஒருமுறை சொன்னார். ஆயா தன் வாயால் சொன்னதே இல்லை.

நான் துண்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கிட்டே வந்து, நுனியைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினார். கற்றாழைச் சோறு மாதிரி வழவழவென்று தண்ணீர் கசிந்தது. வெள்ளையாக ஒரு சொட்டுகூட இல்லை. இன்னொரு இடத்தில் கிள்ளினார். அங்கேயும் அப்படித்தான். "பாலே இல்லியே. இது அது இல்ல." விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "செரி, கெணத்தோரம் வை" என்றார்.

செடியை இனம் காணும் முதல் பாடத்தை நான் அவரிடம்தான் கற்றேன். கள்ளி என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு குடும்பங்களைக் கூப்பிடுகிறோம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்கின் சொந்தக்காரர்கள், யூஃபோர்பியா இனம். கீறினால் பால் கொட்டும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. சப்பாத்திக்கள்ளியும் என் தூண்கள்ளியும் கேக்டஸ் குடும்பம், அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. பாலை வைத்து மட்டும் முடிவு செய்துவிடவும் கூடாது. உருண்டையாக இருக்கும் மமில்லேரியாவில் சில வகைகளுக்குப் பால் உண்டு. முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். கேக்டஸில் முள்ளுக்கு அடியில் பஞ்சு வைத்த சின்ன மெத்தை ஒன்று இருக்கும், அதிலிருந்து முட்கள் கொத்தாக வரும். யூஃபோர்பியாவில் பஞ்சு இருக்காது, விளிம்பில் முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும். நர்சரிகளில் 'கேக்டஸ்' என்று எழுதி யூஃபோர்பியா ட்ரைகோனாவை விற்கிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

என்னுடையது செரியஸ். கடைக்காரர்கள் 'பெருவியானஸ்' என்பார்கள். பெயரில்தான் பெரு இருக்கிறது. அந்தப் பெயரில் விற்கும் செடிகள் பலவும் தென் அமெரிக்காவின் வேறு பக்கங்களைச் சேர்ந்தவை, ஒரே இனமும் அல்ல. என்னுடையதற்கு ஆறு வரிசை விலா, அதாவது தண்டு நெடுக எழும்பி நிற்கும் விளிம்புகள்.

ஏழாம் வருஷம் பூத்தது. பொழுது சாய்ந்தபின் மொட்டு தளர ஆரம்பித்து, ஒன்பது மணிக்கு ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளையாக விரிந்து நின்றது. ஆயா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். காலையில் வெயில் ஏறுவதற்குள் துவண்டுவிட்டது. அந்த வருஷம் பதினோரு பூ, ஒரு காய்கூட நிற்கவில்லை.

அப்புறம் ஒரு ஐப்பசியில் விடாத மழை. அடித்தண்டில் பழுப்பாக ஒரு திட்டு. வயதான தண்டு அடியில் மரப்பட்டை மாதிரி ஆவது சகஜம்தான், அதுதான் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு. பட்டையாக மாறிய இடம் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். இது பத்து நாள் கழித்து விரலை வைத்ததும் உள்ளே போனது, புளித்த வாடை அடித்தது.

ஆள் வைத்துக் கயிறு கட்டிச் சாய்த்து வெட்டினோம். முதல் வெட்டில் நடுவெல்லாம் கருப்புக் கூழ். ஒரு அடி மேலே இரண்டாம் வெட்டு. சதை வெள்ளையாக இருந்தது, பிழைத்தது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், நடுவில் தண்ணீர் ஏறும் குழாய்கள் வட்டமாக நிற்குமே, அந்த வளையத்தில் மூன்று புள்ளி மட்டும் ஆரஞ்சு நிறம். அதை விட்டால் மறுபடி மேலே ஏறும். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு இன்னும் அரை அடி மேலே வெட்டினோம். அங்கே வளையம் முழுக்கச் சுத்தம், வெட்டிய வெள்ளரிக்காய் மாதிரி. வெட்டுவாயின் ஓரத்தைப் பென்சில் சீவுவதுபோல் சரிவாகச் சீவி, கந்தகத்தூள் பூசி, நிழலில் சுவரோரம் நிறுத்திவைத்தேன். படுக்க வைத்தால் பக்கவாட்டில் வேர் விடும், நுனியும் வளையும். ஓரத்தைச் சீவாவிட்டால் சதை உள்ளே சுருங்கித் தோல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்று வாரம் காயவிட்டு, காய்ந்த மண்ணில் நட்டேன். வேர் பிடிக்கும்வரை தண்ணீரே காட்டவில்லை. இன்றைக்கு நிற்பது அந்தத் துண்டுதான். மறுபடியும் பூக்கிறது. காய்தான் இல்லை. பக்கத்துத் தெருவில் நான் கொடுத்த செடியின் பூவை எடுத்துத் தடவியும் பார்த்துவிட்டேன். யாருக்காவது காரணம் தெரியுமா?

ஓசூரிலிருந்து:

அக்கா, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பக்கத்துத் தெருச் செடியும் உங்கள் செடியும் ஒரே செடிதான். துண்டு வெட்டி நட்டால் அது பிள்ளை ஆகாது, அதே உடம்பு இன்னொரு இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். செரியஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. விதையிலிருந்து வந்த வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஊரெல்லாம் துண்டு மாற்றி மாற்றி நட்டதால் நம் பக்கம் பூக்கும் மரம் நிறைய, காய்க்கும் மரம் குறைவு.

நான் ரோஜா பசுமைக்குடிலில் வேலை செய்கிறேன். வீட்டு மாடியில் முப்பது தொட்டி தூண்கள்ளி. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழிக் குளிரில் செடி வளராமல் நிற்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் நேராக அழுகல்தான். நான் கார்த்திகைக் கடைசியில் நிறுத்தினால் மாசியில்தான் மறுபடி ஊற்றுவேன்.

என்னை இன்னும் உறுத்துவது ஒரு நீலக்கள்ளி. பைலோசோசெரியஸ், வானநீலமாக இருக்கும். இரண்டு வருஷம் காசு சேர்த்து வாங்கினேன். மாவுப்பூச்சி வந்தது. ரோஜாவுக்கு அடிக்கிற பழக்கத்தில் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்துவிட்டேன். மறுநாள் எண்ணெய் பட்ட இடமெல்லாம் வெறும் பச்சை. அந்த நீலம் தோலின் நிறம் அல்ல, மேலே படிந்த மெழுகு. எண்ணெய் அதைக் கரைத்துவிடும். போன மெழுகு அந்த இடத்தில் திரும்பவில்லை, மேலே புதிதாக வளர்ந்ததுதான் நீலமாக வந்தது. நீலக்கள்ளிக்குப் பூச்சியை ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுங்கள். பொறுமை வேண்டும், வேறு வழியில்லை.

செடி காரணமில்லாமல் சுருங்கி நின்றால் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். வேரில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, ஒரு வாரம் காயவிட்டுப் புது மண்ணில் நட்டால் போய்விடும். எறும்பையும் ஒழிக்க வேண்டும். அதுதான் தொட்டிக்குத் தொட்டி தூக்கிக்கொண்டு போய்விடும்.

அக்கா, என்னிடம் விதையில் வந்த செரியஸ் ஒன்று இருக்கிறது, முள் நீளம். இந்த வாரம் மொட்டு வைத்திருக்கிறது. மகரந்தம் கொண்டுவரட்டுமா?

ஊத்தங்கரையிலிருந்து:

தம்பி சொன்ன மாவுப்பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. சப்பாத்திக்கள்ளியில் வெள்ளையாகப் பஞ்சு கண்டால் நசுக்கிப் பாருங்கள். ரத்தம் மாதிரி அடர்சிவப்பு வந்தால் அது சாயப்பூச்சி. 1795-ல் பிரேசிலிலிருந்து சாயத்துக்காகக் கொண்டுவந்தார்கள். வந்தது சரியான சாயப்பூச்சி இல்லை, சாயத் தொழில் நடக்கவில்லை. ஆனால் அது ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. பிறகு 1926-ல் இலங்கை வழியாக அதன் இன்னொரு இனத்தைக் கொண்டுவந்தார்கள், அது மிச்சமிருந்த வேறு வகைக் கள்ளியை அழித்தது. காடுகரையெல்லாம் அடைத்துக் கிடந்த கள்ளி கண்முன்னே கரைந்ததை என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் அரை ஏக்கர் டிராகன் பழம் வைத்திருக்கிறேன். அதுவும் ஏறுகிற கேக்டஸ்தான். சித்திரை வெயிலில் மேல்பக்கம் மஞ்சளாகி வெளுத்தால் நோய் என்று மருந்து அடிக்காதீர்கள், வெயில் சுட்ட காயம் அது, நிழல்வலை போதும். சின்னச் சின்னப் புள்ளியாக வந்து நடுவில் செம்பழுப்பாகப் புண்ணானால்தான் தண்டுப்புண் நோய். அந்தத் துண்டை வெட்டி எரித்துவிட்டுக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிக்கிறேன்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

மண் கலவை பற்றி யாரும் சொல்லவில்லையே. நம் மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை என்று கிரஷர் பொடியை அப்படியே கலந்தேன். இரண்டு மழையில் சிமெண்டு போட்ட மாதிரி இறுகி, நான்கு செடி போனது. இப்போது சலித்துப் பொடியைக் கழித்துவிட்டு, மிஞ்சும் கடுகளவுக் கல்லை மட்டும் கழுவிப் பாதிக்குப் பாதி செம்மண்ணோடு கலக்கிறேன். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதே இல்லை.

இன்னொன்று: இடம் மாற்றும்போது தெற்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வையுங்கள். புது இடத்திலும் அந்தப் பொட்டு தெற்கே பார்த்தால் தோல் சுடாது.

மறுபடியும் பாலக்கோட்டிலிருந்து:

ஓசூர்த் தம்பி சொன்னபடியே வந்தார். இரவு பூத்ததும் மகரந்தப்பைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்து, மாத்திரை டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு, மறுநாள் ராயக்கோட்டை வழியாகப் பஸ்ஸில். அன்றைக்கு எங்கள் செடியில் பூ இல்லை. மகரந்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன், நான்காம் இரவுதான் பூ திறந்தது.

என் பூவின் மகரந்தம் ஒட்டாமல் இருக்க, இதழ் லேசாக வாய் திறந்ததுமே உள்ளிருந்த பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டேன். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஏணிமேல் நின்று முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் விரல் விரித்த மாதிரி நிற்கும் சூல்முடியில், குழந்தைக்கு மை வைக்கிற மெல்லிய தூரிகையால் மஞ்சள் பொடியைத் தடவினேன். மூன்று பூவுக்கு நூல் கட்டினேன். நூல் கட்டாத இரண்டு பூ ஐந்தாம் நாள் உதிர்ந்தது. கட்டியதில் ஒன்று உதிர்ந்தது, இரண்டு நின்றது.

ஐம்பது நாளில் ஒரு காய் கோழிமுட்டைக்கு மேல் பருத்து, கத்திரிப்பூ கலந்த சிவப்பாகி, ஒருநாள் காலையில் தானாக வெடித்திருந்தது. தோலில் முள் இல்லை. உள்ளே வெள்ளைச் சதை, எள் தூவின மாதிரி கருப்பு விதை. அணில் பார்ப்பதற்குள் பறித்துவிட்டேன். ஆளுக்கொரு கரண்டி தின்றோம். இனிப்பு மிதம், விதை பல்லில் நறநறவென்றது. ஆயாவுக்கு இப்போது பல் இல்லை, விதை நீக்கிக் கொடுத்தேன்.

விதைக்கிற மண்ணைப் பழைய இட்லிப் பானையில் அரைமணி நேரம் அவித்தேன். விதையை மேலே தூவினதோடு சரி, மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மூடி போட்ட டப்பாவில் ஒன்பதாம் நாள் பச்சைக் குண்டூசித் தலை மாதிரி எழும்பின. ஒரு மூலையில் மட்டும் பூஞ்சை பிடித்து எட்டுப் பத்து சாய்ந்தன. அந்த மண்ணைக் கரண்டியோடு அள்ளிவிட்டேன். நேற்று எண்ணினேன், நாற்பத்தாறு. இரண்டு தடித்த விதையிலைக்கு நடுவில் இப்போதே மயிர் மாதிரி முள் எட்டிப் பார்க்கிறது.

தம்பி, பாதி உங்களுடையது. வரும்போது உங்கள் செடியில் எத்தனை விலா என்று எண்ணிக்கொண்டு வாருங்கள், எழுதி வைக்கிறேன். ஊத்தங்கரை ஐயாவுக்கும் காவேரிப்பட்டினத்தாருக்கும் ஆளுக்கு ஐந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஆயா இரண்டு தனியாகக் கேட்டிருக்கிறார், வாசலுக்கு.