மோதிரக் கல் எப்படி நிலைக்குது? நம்ம டெல்டா ஆட்களின் அனுபவங்கள்

கும்பகோணம் டிகிரிகாபி:

ஐப்பசியில் மாயவரம் துலாக்கட்டத்தில் முங்கிவிட்டு வந்த எங்கள் அத்தை, பஸ்ஸில் டிக்கெட் வாங்கக் கை நீட்டும்போதுதான் மோதிரத்தைப் பார்த்திருக்கிறார். கோமேதகம் இல்லை. கல்லைப் பிடிக்கிற நாலு தங்கக் கால் மட்டும் வெறுமனே நிற்கிறது. "காவேரி கேட்டா, குடுத்துட்டேன்" என்று வீட்டில் சொல்லி முடித்துக்கொண்டார். நான் விடாமல் மோதிரத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று கால் நேராக இருந்தது. நாலாவது வெளிப்பக்கம் வளைந்து, நுனியில் புடவை நூல் ஒன்று சிக்கிக் கிடந்தது. ஈரப்புடவையைப் பிழியும்போது மாட்டி இழுத்திருக்கிறது. காவேரி மேல் பழி போட வேண்டியதில்லை.

நவக்கிரகக் கோயில் ஒன்பதும் நம்மைச் சுற்றியே இருப்பதால் ராசிக்கல் மோதிரத்துக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. எத்தனை காரட், எந்த விரல், எந்தக் கிழமை என்றெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறோம். கல்லை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் விழுந்தது, ஆடியது, அசையாமல் இருப்பது எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பட்டறைக்காரன்:

எங்க வீட்டுல அப்பா காலத்துலேர்ந்து கல் கட்டுற வேலைதான். நூல் மாட்டினதால கால் வளைஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. கால் ஏற்கெனவே தூக்கிட்டு நின்னிருக்கும், அதனாலதான் நூலே மாட்டிச்சு. கல்லோட படிஞ்ச காலுக்கு அடியில மயிரிழை நுழையாது. வீட்டுலயே சோதிக்கலாம். கொஞ்சம் பஞ்சு எடுத்து மோதிரத்து மேல நாலு பக்கமும் தடவுங்க. பஞ்சு பிய்ஞ்சு ஒட்டினா அந்த இடத்துல கால் எழும்பியிருக்கு. அப்புறம் காதுகிட்ட வெச்சு விரலால சுண்டிப் பாருங்க. உள்ளே டிக்டிக்னு கேட்டா கல் ஆடுது.

கால் வெச்சுக் கட்டுறதுல முக்கியமான வேலை வெளியில தெரியாது. பட்டை தீட்டின கல்லுக்கு இடுப்பு உண்டு, மேல்பாதியும் கீழ்பாதியும் சேர்ற அகலமான விளிம்பு. ஒவ்வொரு காலோட உள்பக்கத்துலயும் அந்த இடுப்பு உட்கார ஒரு சின்ன வெட்டு போடணும். நாலு வெட்டும் ஒரே மட்டத்துல இருக்கணும். ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கினா கல் சாய்ஞ்சு உட்காரும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் ஆடத்தான் செய்யும். வெட்டோட ஆழம் காலோட கனத்துல பாதியைத் தாண்டவே கூடாது, மூணுல ஒரு பங்கு இருந்தா நல்லது. ஆழமா வெட்டிட்டா கல் கச்சிதமா உட்கார்ந்த மாதிரி அழகாத்தான் இருக்கும். ஆனா கழுத்து மெலிஞ்ச கால் என்னைக்காவது ஒடியும். கல்லை இறக்கின பிறகு எதிரெதிர் கால்களை மாத்தி மாத்தி மடக்கி, நுனியை உருட்டி வழவழப்பாக்கணும். அவசரத்துல விட்டுடுறது இந்தக் கடைசி வேலையைத்தான். புடவையில மாட்டுற காலெல்லாம் அப்படி நுனி உருட்டாத கால்தான்.

நாலு காலா ஆறு காலான்னு கேட்டா, நாலுல ஒண்ணு போனா கல்லும் கூடவே போகும். ஆறுல ஒண்ணு போனா மிச்சம் அஞ்சு பிடிச்சுக்கும், நீங்க பட்டறைக்கு வந்து சேர அவகாசம் கிடைக்கும். நியூயார்க்ல டிஃபனி கம்பெனி 1886-ல ஒத்தை வைரத்தை ஆறு கால்ல தூக்கி நிறுத்தின மோதிரம் போட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்த மாதிரி ஓடிட்டிருக்கு. கல்லுக்கு அடியில வெளிச்சம் நுழையுற அழகு ஒரு காரணம், பிடிமானம் இன்னொரு காரணம்.

நம்ம ஊர்ல இதுல ஒரு வம்பு இருக்கு. எல்லாத்துக்கும் 916 வேணும்னு நிப்பாங்க. 22 காரட் மெத்துனு இருக்கும், மெல்லிசு காலுக்கு அது சரிப்படாது. வைர மோதிரத்துக்கு 18 காரட், அதாவது 750 முத்திரை தங்கம் போடுறதுக்குக் காரணமே அதோட விறைப்புதான். "பத்தரே, 18 போட்டா நாளைக்கு விக்கும்போது மதிப்பு குறையுமே"ன்னு கேட்பாங்க. கல்லே தொலைஞ்சா எதை விக்கிறது? 916-தான் வேணும்னா காலை விட்டுட்டு, கல்லைச் சுத்தித் தகட்டுச் சுவர் வெச்சுக் கட்டச் சொல்லுங்க. நான் அப்படித்தான் சொல்லுவேன்.

வெண்ணாற்றங்கரை:

பத்தர் சொன்ன தகட்டுச் சுவருக்கு எங்கப்பா மோதிரமே சாட்சி. பட்டை தீட்டாத, மேலே குவிந்த சிவப்புக் கல். சுற்றிலும் தங்கச் சுவர், விளிம்பை உள்பக்கம் மடக்கியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டே நாற்றுப் பறித்தார், களத்தில் நெல் அள்ளினார், டிராக்டர் போல்ட்டு முடுக்கினார். விளிம்பு தேய்ந்து பல இடத்தில் மழுங்கிவிட்டது, கல் இம்மியும் அசையவில்லை. ஒரே தொல்லை, அடிப்பக்கம் திறந்திருப்பதால் வயல் சேறு ஏறிக் காய்ந்து கல் கறுத்துப்போகும். அம்மா பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்து எடுப்பார். கல் தோலில் பட்டால்தான் பலன் என்று ஜோசியர் அடிப்பக்கத்தைத் திறக்கச் சொன்னாராம். பலன் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. சுத்தம் செய்ய வழி இருக்கிறது, வெளிச்சமும் போகிறது, எனக்கு அது போதும்.

பாபநாசம் பேத்தி:

வைத்தீஸ்வரன்கோயில் போய் வந்த கையோடு அம்மாவுக்குச் செவ்வாய்க்காகப் பவள மோதிரம் வாங்கினோம். கடை பெயர் வேண்டாம். வைர மோதிரம் மாதிரியே நாலு கால் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கால் அழுத்திய இடத்தில் ஓரம் பெயர்ந்துவிட்டது. மேல்பக்கத்தில் பளபளப்பும் போய்விட்டது. கொண்டுபோய்க் கேட்டதற்கு, "நீங்க போட்ட விதம்" என்றார்கள். போட்ட விதம் என்ன? எல்லார் வீட்டையும் போலப் புளி கரைத்தார், எலுமிச்சம்பழம் பிழிந்தார், பாத்திரம் தேய்த்தார். மோதிரத்தைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பவளமும் முத்தும் சுண்ணாம்பு வகை. புளிப்பு பட்டால் மேல்பரப்பு அரிக்கும். கல் எவ்வளவு கீறல் தாங்கும் என்று சொல்கிற மோஸ் கடின அளவில் வைரம் 10, நீலமும் மாணிக்கமும் 9, பவளம் மூன்றிலிருந்து நாலுக்குள்தான். வைரத்துக்குச் செய்கிற கட்டைப் பவளத்துக்குச் செய்தால் எப்படித் தாங்கும்?

பட்டறைக்காரன்:

தங்கச்சி சொல்றது நூத்துக்கு நூறு. பவளத்துக்குக் காலே ஆகாது, சுவர்தான். அதுலயும் மெல்லிசுத் தகடா இருக்கணும். கனத் தகடுன்னா மடக்குறதுக்கு அழுத்தம் ஜாஸ்தி வேணும், கல்லுல விரிசல் விழுந்துடும். மடக்குற முறையும் முக்கியம். முதல்ல கிழக்கு, உடனே எதிர்ல மேற்கு, அப்புறம் வடக்கு, தெற்கு, அதுக்கு அப்புறம் இடைப்பட்ட இடங்க. ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு அப்படியே சுத்திக்கிட்டே போனா தகடு முன்னாடி தள்ளிக்கிட்டே போய், கடைசியில ஒரே இடத்துல மடிப்பு விழும். பாய் விரிக்கும்போது ஒரே பக்கமா நீவினா கோடியில சுருக்கம் நிக்கும் பாருங்க, அந்த மாதிரி. உங்க மோதிரத்து விளிம்புல அப்படி ஒரு மடிப்பு தெரிஞ்சா கத்துக்குட்டி கை பட்டிருக்குன்னு அர்த்தம்.

முத்துக்கு வழியே வேற. பாதி ஆழம் துளை போட்டு, மோதிரத்துல ஒரு சின்னக் குச்சி நிறுத்தி, அதுல பசை தடவி முத்தை இறக்கிடுவோம். வெந்நீர்ல ஊறப்போட்டா பசை விட்டுடும், அதனால துணியால துடைக்கிறதோட நிறுத்திக்கணும்.

மரகதத்துக்கும் சேர்த்துச் சொல்லிடுறேன், புதனுக்காகத் திருவெண்காடு போறவங்க பார்த்துக்குங்க. மரகதம் கடினம்தான், ஆனா உள்ளே பிறவியிலேயே விரிசல் இருக்கும். பெரும்பாலும் எண்ணெய் ஏத்தி அதை மறைச்சுத்தான் விப்பாங்க. கடையில மோதிரத்தை அதிர்ற தண்ணித் தொட்டியில போட்டுக் கழுவுற மிஷின் இருக்குல்ல, அதுல மரகதத்தை போடவே கூடாது. எண்ணெய் வெளியேறி விரிசல் வெள்ளையாத் தெரியும். சதுரக்கல்னா நாலு மூலையும்தான் முதல்ல உடையும், மூலையைப் போர்த்தி மூடுற மாதிரி மடிச்ச கால் வெக்கச் சொல்லுங்க.

காரைக்கால் காத்து:

திருநள்ளாற்றுக் குளத்துக் கதை நான் சொல்கிறேன். நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் படியில் உட்கார்ந்து துழாவிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கல் மட்டும் போயிருக்காது, மோதிரமே வழுக்கிப் போயிருக்கும். நடுவிரலில் போடுகிற நீலம், எண்ணெய்க் கையில் எவ்வளவு நேரம் நிற்கும்? கல்லை எத்தனை காலில் கட்டியும் பிரயோஜனமில்லை, வளையம் விரலுக்குச் சரியாக இருந்தால்தான் உண்டு. காலையில் விரல் கொஞ்சம் வீங்கியிருக்கும், குளிரில் சுருங்கும். அளவு எடுக்கிறவர் நிதானமாக எடுக்க வேண்டும். குளத்தில் இறங்கும் முன் கழற்றிப் பையில் வைத்துவிடுவது எல்லாவற்றையும்விட உத்தமம்.

தஞ்சாவூர் மேலவீதி:

பழைய நகைக்காரர்கள் யாரும் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கொள்ளுப்பாட்டி மோதிரத்தில் காலும் இல்லை, திறந்த அடிப்பக்கமும் இல்லை. அடைத்த பெட்டி மாதிரி தங்கக் கூடு. உள்ளே அரக்கு, அரக்கின் மேல் ரேக்கு என்கிற பளபளக்கும் மெல்லிய உலோகத் தாள், ரேக்கின் மேல் கெம்பு என்கிற சிவப்புக் கல். கல்லுக்கும் சுவருக்கும் இடையில் மாற்றுக் குறையாத தங்கத்தை மெல்லிய நாடாவாக இழுத்து, ஊசிமுனைக் கருவியால் அழுத்தி அழுத்தி நிரப்பியிருப்பார்கள். சுத்தத் தங்கம் நெருப்பில்லாமலே தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும். வடக்கே குந்தன் என்று சொல்கிற வேலை இதே முறைதான். பரதநாட்டிய நகைகளில் கெம்பு எப்படி ஜொலிக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் பாதி அந்த ரேக்கில் இருக்கிறது.

இதற்குச் சத்துரு தண்ணீரும் சூடும். சோப்புத் தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே போனால் ரேக்கு கறுத்து, கல் செத்த மாதிரி ஆகிவிடும். பற்றவைப்பதற்காக யாராவது நெருப்புக் காட்டினால் அரக்கு இளகி வெளியே வரும். ஒரு முறை இந்த மோதிரத்தை அளவு கூட்டக் கொடுத்த இடத்தில், கல்லை எடுக்காமலே ஊதப்போனார்கள். தடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எடை விவகாரமும் உண்டு. விற்கப் போகும்போது "அரக்கு நிறைய இருக்கும்" என்று ஒரு பெரிய கழிவைக் கண்ணால் பார்த்தே சொல்வார்கள். வாங்கும்போது அந்த அரக்கும் தங்க விலைக்குத்தான் வந்திருக்கும். பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். இறைவனுக்குக் கொடுத்த நகைகளில் வைரம் எத்தனை, மாணிக்கம் எத்தனை, முத்து எத்தனை என்று எண்ணி, சரடும் அரக்கும் உட்பட எடை இவ்வளவு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். தங்கத்தை நிறுக்க ஆடவல்லான் என்ற எடைக்கல், ரத்தின நகைகளை நிறுக்க தட்சிணமேருவிடங்கன் என்ற எடைக்கல். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அரக்கைக் கணக்கில் சொல்லியிருக்கிறார்கள், இப்போது பில்லில் எழுதுவதற்கு என்ன தயக்கம்?

கும்பகோணம் டிகிரிகாபி:

அருமை ஐயா. பில் விஷயத்தில் நானும் ஒன்று சேர்க்கிறேன். தங்கத்தின் நிகர எடை தனியாக, கல் எடை தனியாக எழுதச் சொல்லுங்கள். கல் எடையில் காரட் என்பது வேறு, 5 காரட் சேர்ந்தால் 1 கிராம். பெரிய புஷ்பராகம் வைத்த மோதிரத்தில் அந்த ஒரு கிராமைத் தங்கமாகக் கணக்குப் போட்டால் எவ்வளவு வித்தியாசம் வரும் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனியாக அடிக்கிற ஆறு இலக்க எச்.யு.ஐ.டி அடையாள எண் உள்ள ஹால்மார்க் நகைதான் விற்கலாம் என்பதால், அந்த எண்ணையும் லென்ஸ் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

பத்தரிடம் இரண்டு கேள்வி. கல் ஆடும்போது வீட்டிலேயே சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விடலாமா? அப்புறம் தம்பி கல்யாணத்துக்கு நவரத்தின மோதிரம் செய்யச் சொல்கிறார்கள், அதற்கு எந்தக் கட்டு?

பட்டறைக்காரன்:

க்ளூ வேண்டவே வேண்டாம். கல்லைச் சுத்தி வெள்ளையாப் பூத்துடும், கொஞ்ச நாள்ல மொறுமொறுன்னு ஆகி விட்டும் போயிடும். அப்புறம் எங்ககிட்ட வரும்போது கல்லுக்கு அடியில இருக்குற பசையை ஊற வெச்சுச் சுரண்டி எடுத்துட்டுத்தான் காலையே தொட முடியும். கல் ஆடினா கழட்டி ஒரு சின்ன டப்பாவுல போட்டு எடுத்துட்டு வாங்க, கால் மடக்குறது சின்ன வேலை. கூலியும் பெருசா இருக்காது.

நவரத்தின மோதிரம்தான் எங்க பொறுமையைச் சோதிக்கிறது. ஒரே மோதிரத்துல வைரமும் இருக்கு, முத்தும் பவளமும் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே அழுத்தம் குடுக்க முடியாது. மோதிரத்தை அரக்குக் கட்டையில பதிச்சு, முதல்ல வைரம், நீலம், மாணிக்கம் கட்டுவேன். அப்புறம் வைடூரியம், புஷ்பராகம், கோமேதகம். மரகதத்துக்குக் கை லேசாயிடும். பாலீஷ் சக்கரம் காட்டுறது எல்லாம் அத்தோட முடிஞ்சுடணும், ஏன்னா முத்துலயும் பவளத்துலயும் சக்கரம் பட்டா தேய்ஞ்சுடும். அது ரெண்டும் கடைசி. ஒன்பதுக்கும் தனித்தனிச் சுவர் வெச்சுக் கட்டச் சொல்லுங்க. பொதுவா ஒரே தகட்டுல ஓட்டை போட்டு, அந்தத் தகட்டுலேர்ந்தே சின்னச் சின்ன முனையா துளிர் எழுப்பிக் கல்லைப் பிடிச்சிருந்தா பார்க்க நெருக்கமா இருக்கும், ஆனா ஒரு கல்லை மாத்தணும்னா பக்கத்துக் கல் ஆட்டம் காணும். மாப்பிள்ளை விரல் அளவை இப்பவே சரியா எடுத்துடுங்க. கல் கட்டின பிறகு வளையத்தை விரிச்சா வளைவு மாறும், ஒன்பது சுவரும் ஒரே நேரத்துல வாய் திறக்கும்.